ஆனதோத் நிலமும் தங்க வயலும்



விசுவாசத்தில் உறுதியாய் நிற்பது, நம்பிக்கையை விடாமல் பிடித்துக்கொள்வது. இதுதான் இன்று மாலை எனக்குக் கொடுத்திருக்கும் பொருள். பெங்களூரில் இதைப் பேசுவது சுலபம். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் ஊரில் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கோலார் தங்க வயலின் இந்தக் கோரமண்டலில் அப்படியில்லை. இங்கே ஒருவர் மேடையேறி "நம்பிக்கையோடு இருங்கள்" என்று சொன்னால், மூன்றாம் வரிசையில் இருக்கும் பெரியவர் மனசுக்குள் கேட்பார்: "இப்படி எத்தனை பேர் சொல்லிட்டுப் போயிட்டாங்க, தம்பி?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்கக் கூடாது. எந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொள்வது? எதை விட்டுவிடுவது? பிடித்துக்கொண்டவன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வான்? இந்த மூன்று கேள்விகளோடு கொஞ்ச நேரம் என்னோடு வாருங்கள்.

முதலில் ஒரு தேதி. 2001 பிப்ரவரி 28. இந்தத் தேதியை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நூற்றிருபது ஆண்டுகள் ஓடிய சுரங்கம் நின்ற நாள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி வைத்த வேலை, 1956இல் மைசூர் அரசாங்கத்தின் கைக்கு வந்து, பிறகு மத்திய அரசுக்குப் போய், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் பெற்று, கடைசியில் அன்றைக்கு நின்றது. எண்ணூறு டன் அளவுக்குத் தங்கத்தை வெளியே அனுப்பிய மண் அன்றைக்கு 'நஷ்டம்' என்ற ஒரே சொல்லில் முடிந்தது.

ஆனால் அந்தத் தேதியில் இன்னொன்று இருக்கிறது. பழைய காலண்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அது ஒரு புதன்கிழமை. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 15. அங்கிருந்து நாற்பத்தாறு நாள் பின்னுக்கு எண்ணுங்கள், எங்கே வந்து நிற்கிறது? பிப்ரவரி 28இல். ஆம், சுரங்கம் மூடிய நாள் சாம்பல் புதன்! கத்தோலிக்கர் தவக்காலம் என்பார்கள், நம்மில் மற்றவர்கள் லெந்து நாட்கள் என்போம். அந்த நாட்களின் வாசல் அது. நெற்றியில் சாம்பலைப் பூசி, 'நீ மண், மண்ணுக்கே திரும்புவாய்' என்று மனிதனுக்கு நினைவூட்டும் நாள்.

டில்லியில் உத்தரவு எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்காது. அவர்கள் கணக்கில் அது நிதியாண்டு முடிவதற்கு முந்தைய மாதத்தின் கடைசித் தேதி, அவ்வளவுதான். தேவன் திட்டம் போட்டு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோற்றுத் தட்டைப் பறிப்பது என் தேவனுடைய வேலையல்ல. நான் சொல்வது இவ்வளவுதான். மண்ணை நினைவூட்டும் சடங்கு மற்ற ஊர்களுக்கு வருஷத்தில் ஒருநாள். நமக்கு அது அன்றாடம். பாறைத் தூசியை மூச்சோடு இழுத்து, நுரையீரலில் சிலிகோசிஸ் வாங்கிய தகப்பன்மார்களின் பிள்ளைகள் நாம். காற்றடிக்கும் மாதங்களில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வரும் வெள்ளைத் தூள், கொடியில் காயும் பள்ளிச் சட்டையின் காலரிலும், மூடி வைத்த தண்ணீர்க் குடத்தின் மேலும், திறந்து கிடக்கும் வேதப்புத்தகத்தின் பக்கத்திலும் படிகிறது. விரலால் தடவினால் கோடு விழுகிறது. 'நீ மண்' என்று நமக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நமக்குச் சொல்லப்பட வேண்டியது எது? சாம்பல் புதனோடு லெந்து முடிவதில்லை என்பதுதான். ஆனால் அங்கே உடனே தாவ வேண்டாம். ஞாயிறுகளைக் கழித்தால் இடையில் நாற்பது நாள் இருக்கிறது. அதைக் கடக்காமல் ஈஸ்டருக்குக் குறுக்குவழி கிடையாது.

குறுக்குவழி காட்டிய ஒருவரை வேதத்தில் பார்க்கலாம். எரேமியாவின் புத்தகம், இருபத்தெட்டாம் அதிகாரம். பாபிலோன் ராஜா எருசலேமைக் கொள்ளையடித்துப் பாத்திரங்களையும் மனிதர்களையும் கொண்டுபோய்விட்டான். ஊர் கலங்கி நிற்கிறது. அப்போது கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா என்கிற தீர்க்கதரிசி, ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்க்க எழுந்து நிற்கிறான். இரண்டே வருஷம்! போனதெல்லாம் திரும்பி வந்துவிடும்! சொன்னதோடு நிற்கவில்லை. பாபிலோனுக்குப் பணிவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் உடைத்துப் போடுகிறான். ஜனங்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்! கைதட்டல் எவ்வளவு எழுந்திருக்கும்!

எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? நுகம் உடைவதற்கு முன்பே ஆமென் என்றார். அப்படியே ஆகட்டும், கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்றார். அவருக்கும் ஆசைதான். நுகம் உடைந்ததும் அமைதியாகத் தம் வழியே போய்விட்டார். பிறகுதான் வார்த்தை வந்தது: மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வருகிறது என்று.

நண்பர்களே, நம் ஊர் எத்தனை அனனியாக்களைப் பார்த்திருக்கிறது! தேர்தல் வந்தால் மைன்ஸ் திறக்கும். தேர்தல் முடிந்தால் ஃபைல் மூடும். 2013இல் உலகளாவிய டெண்டருக்கு உச்ச நீதிமன்றமே வழிவிட்டது என்ற செய்தி வந்தபோது எத்தனை வீடுகளில் பாயசம் கொதித்திருக்கும்! அரசியல்வாதிகளை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஜெபக் கூட்டங்களிலும் தேதி குறித்தார்கள். 'இந்த வருஷத்துக்குள் சுரங்கத்துச் சங்கு ஊதும் என்று கர்த்தர் எனக்குக் காட்டினார்' என்று சொன்னவர்கள் உண்டு. காணிக்கை வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. தேதி வந்தது. சங்கு ஊதவில்லை. 'உங்கள் விசுவாசம் போதவில்லை' என்று பழியை நம்மேலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

இதுதான் நாம் விட்டுவிட வேண்டிய நம்பிக்கை. தேதி குறித்துக் கொடுக்கும் நம்பிக்கை. சுரங்கக் கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்காரவைக்கும் நம்பிக்கை. திறந்தால் வாழ்வு, திறக்காவிட்டால் சாவு என்று ஒரு ஷாஃப்ட்டின் வாயில் நம் ஆத்துமாவைக் கட்டிப்போடும் நம்பிக்கை. அது உடைந்தால் மனிதன் சுரங்கத்தின் மேல் மட்டும் கோபப்படுவதில்லை. தேவன் மேலும் கோபப்படுகிறான். உடைந்தது தேவனுடைய வாக்கு அல்ல, அனனியாவின் வாக்கு என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லாததால்!

சரி, பிடித்துக்கொள்ள வேண்டிய நம்பிக்கை எது? அதைத் தேட நாம் கீழே இறங்கியாக வேண்டும்.

யோபின் புத்தகம் இருபத்தெட்டாம் அதிகாரத்தை நீங்கள் எல்லோரும் வாசித்திருப்பீர்கள். தங்க வயல்காரன் அதை வாசிக்கிற மாதிரி வேறு யாரும் வாசிக்க முடியாது என்பது என் எண்ணம். அது சுரங்கத் தொழிலாளியின் அதிகாரம். வெள்ளியும் இரும்பும் எங்கிருந்து வருகின்றன, மனிதன் இருட்டுக்கே எல்லை போட்டு எப்படிக் குடைகிறான், ஆட்கள் நடமாடாத இடத்தில் குழி தோண்டி எப்படித் தொங்கி ஆடுகிறான், மேலே பயிர் விளையும் பூமிக்குக் கீழே எப்படி நெருப்பாய்க் கொதிக்கிறது — எல்லாம் இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அங்கே வேலை செய்ய மேலிருந்து குளிர்காற்றை அனுப்ப வேண்டியிருந்தது. கீழே நெருப்பு என்று யோபு சொன்னால் வேறு ஊர்க்காரன் அதைக் கவிதை என்பான். நம் தாத்தாவுக்கு அது ஷிஃப்ட்!

இத்தனையும் சொல்லிவிட்டு யோபு ஒரு கேள்வி கேட்கிறார். இவ்வளவு ஆழம் போகத் தெரிந்த மனிதனுக்கு ஞானம் எங்கே கிடைக்கும்? ஆழத்தைக் கேட்டால் என்னிடம் இல்லை என்கிறது. கடலைக் கேட்டால் என்னிடமும் இல்லை என்கிறது. ஓப்பீரின் தங்கத்தைக் கொட்டினாலும் அதை விலைக்கு வாங்க முடியாது. கடைசியில், ஆண்டவருக்குப் பயப்படுவதே ஞானம் என்று அந்த அதிகாரம் முடிகிறது.

தங்கத்தால் வாங்க முடியாத ஒன்றைத் தங்கம் எடுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். எப்படி அறிந்தார்கள்? சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் நின்று அறிந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி நின்று, கம்பிக் கதவு சாத்தி, கயிறு விட்டதும் வயிறு மேலே ஏறும் அந்த நொடியில் ஒருவன் சிலுவை அடையாளம் போடுவான், ஒருவன் 'முருகா' என்பான், ஒருவன் 'யா அல்லா' என்பான், ஒருவன் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்பவனின் தோளைப் பிடித்துக்கொள்வான். கீழே பாறை வெடித்துச் சிதறும் ஏர் பிளாஸ்ட் நடந்தால் மேலே தொழிலாளர் லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார்கள். யார் வீட்டு ஆள், எந்த ஷாஃப்ட் என்று தெரியும்வரை அடுப்பு மூட்டமாட்டார்கள். அந்தக் காத்திருப்பில் எழுந்த ஜெபத்தில் 'இந்த வருஷத்துக்குள்' என்ற பேச்சே இல்லை. 'ஆண்டவரே, நீர் கூட இரும்' என்பது மட்டும்தான் இருந்தது.

இதே ஜெபம் உலகத்தின் மறுகோடியிலும் கேட்டது. 2010 ஆகஸ்ட் 5, சிலி நாட்டில் சான் ஹோசே சுரங்கம் இடிந்தது. முப்பத்து மூன்று பேர் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். நம் ஆழத்துக்கு அது பெரிய ஆழமில்லை என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் வழி அடைத்துப் போன பிறகு எழுநூறும் ஒன்றுதான், மூவாயிரமும் ஒன்றுதான். கையில் இருந்தது இரண்டு மூன்று நாளுக்கான சாப்பாடு. உயிரோடு இருக்கிறார்கள் என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவே பதினேழு நாள் ஆயிற்று. வெளியே வர அறுபத்தொன்பது நாள்.

அந்தப் பதினேழு நாளில் என்ன செய்தார்கள்? ஹோசே என்ரிக்கேஸ் என்ற தொழிலாளியை ஜெபம் நடத்தச் சொன்னார்கள். அவர் சுவிசேஷ சபையைச் சேர்ந்தவர். கூட இருந்தவர்களில் பலர் கத்தோலிக்கர், சிலர் எந்தக் கோயிலுக்கும் போகாதவர்கள். எல்லோரும் சேர்ந்து நின்றார்கள். பசியில் சண்டை வந்தது, பிறகு ஜெப வேளையில் ஒருவருக்கொருவர் மன்னிப்பும் கேட்டார்கள். ஷிஃப்ட் தலைவர் லூயிஸ் உர்சுவா சாப்பாட்டைப் பங்கு போட்டார். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆளுக்கு இரண்டு ஸ்பூன் மீன். மீட்பு நாளில் எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக மேலே வந்தவரும் அவர்தான்.

கவனியுங்கள். ஜெபித்தார்கள், அதோடு ஸ்பூனால் அளந்தார்கள். வெறும் ஜெபம் என்றால் முதல் நாளே சாப்பாடு தீர்ந்திருக்கும். வெறும் அளவு என்றால் ஐந்தாம் நாளே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருப்பார்கள். உறுதியான விசுவாசத்துக்கு இந்த இரண்டு கையும் வேண்டும்.

'அவர்கள் பிழைத்து வந்தார்கள், அதனால் நம்பிக்கை பலித்தது என்கிறீர்கள். பிழைத்து வராதவர்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். நம் கல்லறைத் தோட்டம் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் நம் தமிழ் மண்ணிலேயே ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல். வசதியான குடும்பம். அவருக்கும் ஒரு சரிவு வந்தது. ஆடுமாடுகள் செத்தன, சொத்து கரைந்தது, மனம் ஒடிந்தது. அப்போது அவருக்கு ஆறுதல் சொன்னவர் 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்த டச்சுத் தளபதி டிலனாய். என்ன சொன்னார்? யோபின் கதையைச் சொன்னார். அதே யோபு! எல்லாம் போன பிறகும் தேவனை விடாதவனின் கதை. அந்தக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

அதற்குப் பிறகாவது நல்ல காலம் பிறந்ததா? யோபுக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இரட்டிப்பாய் வந்ததா? இல்லை. எல்லாச் சாதியாரோடும் வேறுபாடு பார்க்காமல் பழகினார், பகை தேடி வந்தது. 1749இல் சிறை. எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராய் இழுத்துப் போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்த்தூள் பூசினார்கள். மூன்று வருஷம் இப்படி. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருந்தால் போதும், வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் எலும்புகள் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கின்றன. 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இடையில் ஓடியது இருநூற்றெழுபது வருஷம்!

யோபின் கதையைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்தவர், யோபுக்குக் கிடைத்த முடிவைக் கண்ணால் பார்க்காமலே போனார். ஆனால் பிடியை விடவில்லை. அவர் நம்பிக்கை மாடு திரும்பி வரும் என்பதன் மேல் நின்றிருந்தால் அது முதல் சாட்டையடியில் உடைந்திருக்கும். அது கிறிஸ்துவின் மேல் நின்றது. அந்தக் கிறிஸ்துவும் அடிபட்டவர், வெளியே துரத்தப்பட்டவர், கல்லறைக்குள் வைத்து மூடப்பட்டவர். அதனால்தான் அடிபடும் மனிதன் அவரைப் பிடித்துக்கொள்ள முடிகிறது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி ஐயா பிடித்துக்கொள்வது என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு உங்கள் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சினிமாக்காரர்கள் இந்த ஊரைப் பற்றித் துப்பாக்கியும் புழுதியுமாகப் படம் எடுத்தார்கள். அவர்கள் காட்டாத ஒன்றைச் சொல்கிறேன். 1965இல் உலகத்திலேயே முதல் முறையாக, வானத்துக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடம் பதிவான இடங்களில் ஒன்று எது? நம் சாம்பியன் ரீஃப் சுரங்கம். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவானது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்துக் காத்திருந்தார்கள்.

வானத்திலிருந்து வருவதைப் பிடிக்க ஏன் பூமிக்கு அடியில் போனார்கள்? மேலே வேறு கதிர்கள் மழையாய்க் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் தடம் மூழ்கிப் போகும். இரண்டு கிலோமீட்டர் பாறை அந்த இரைச்சலை வடிகட்டிவிடுகிறது. அந்த ஆழத்திலும் நியூட்ரினோவை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, அது விட்டுப்போன தடத்தைத்தான் பார்த்தார்கள். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். விஞ்ஞானம் தேவனை நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவரை நம்பாதீர்கள். காணாததை அறிய விரும்புகிறவன் இரைச்சல் அடங்கும் ஆழத்துக்குப் போக வேண்டும், போன இடத்தில் பொறுமையாய் விழித்திருக்க வேண்டும். இதை நம் பாறையே உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. அவ்வளவுதான் சொல்கிறேன்.

இனி மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். பிடித்துக்கொண்டவன் காலையில் எழுந்து என்ன செய்வான்?

எரேமியாவிடம் திரும்பிப் போவோம். முப்பத்திரண்டாம் அதிகாரம். இப்போது நிலைமை இன்னும் மோசம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்துவிட்டது. எரேமியா காவல் முற்றத்தில் கைதி. அந்த நேரம் பார்த்துப் தகப்பனுடைய சகோதரனின் மகன் அனாமெயேல் வருகிறான். எதற்கு? 'ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள்' என்கிறான்! எதிரி கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கும் நிலத்தை! எந்தத் தரகன் அதைத் தொடுவான்? எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியை எடைபோட்டுக் கொடுத்தார். சாட்சி வைத்தார், பத்திரம் எழுதினார், முத்திரை போட்டார். தம் எழுத்தர் பாருக்கைக் கூப்பிட்டு, நெடுநாள் கெடாமல் இருக்க ஒரு மண்பாண்டத்தில் போட்டு வை என்றார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்ற வாக்கைக் கேட்டவர் அவர்.

வீட்டுப் பத்திரம் என்றால் என்ன என்று குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்தும் 'இது கம்பெனி வீடு' என்ற சொல்லைக் கேட்டவர்கள் நீங்கள். அந்தப் பதினேழு சேக்கலின் எடை உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். பத்திரம் முடிந்த பிறகு எரேமியா ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தில் சந்தேகம் இருக்கிறது. ஆண்டவரே, கொத்தளம் போட்டுவிட்டார்கள், ஊர் விழப்போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று முறையிடுகிறார். வாங்கின பிறகு சந்தேகம்! உறுதியான விசுவாசிக்குச் சந்தேகமே வராது என்று யார் சொன்னது? சந்தேகத்தை ஆண்டவரிடமே கொண்டுபோனார், பத்திரத்தைக் கிழித்துப் போடவில்லை. உறுதி என்பது இதுதான்.

அனனியா தேதி சொன்னான். எரேமியா நிலம் வாங்கினார். கேட்டு மகிழ ஒரு நம்பிக்கை, காசு போட்டு வாங்க ஒரு நம்பிக்கை. எதைப் பிடித்துக்கொள்ளப் போகிறோம்?

நம் ஊரில் நிலம் வாங்கினவர்கள் இல்லையா? இருக்கிறார்கள்! விடியும் முன்னே மாரிகுப்பத்திலிருந்து புறப்பட்டு, கோரமண்டல் ஸ்டேஷனில் நின்று, பெங்களூருக்குப் போகும் ரயிலைப் பாருங்கள். இருட்டில் எழுந்து, டிபன் பாக்ஸில் சோற்றை அடைத்து, கம்பியைப் பிடித்தபடி ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் போய், இரவில் அதே பாதையில் திரும்பி வரும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பாருங்கள். அந்தப் பெட்டியில் சீட்டாட்டமும் உண்டு, பூக்கட்டும் கையும் உண்டு, மெல்லக் கேட்கும் ஜெபமும் உண்டு. சுரங்கம் மூடிய ஊரில் பள்ளிக்கூடம் மூடவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த ரயில். ஆனதோத்தின் பத்திரம் இங்கே மாதச் சீசன் டிக்கெட்டாக இருக்கிறது!

நமக்கு முன்னால் இருந்தவர்களும் வாங்கினார்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் மூன்று வாரம் வேலையை நிறுத்தினார்கள். மனிதனை எண்ணாக்காதே என்று சொன்ன அவர்கள் வாங்கியது மரியாதை என்ற நிலம். அயோத்திதாசப் பண்டிதரின் வழிவந்த பௌத்தர்கள் மாரிகுப்பத்தில் சங்கம் வைத்தார்கள், 'தமிழன்' இதழை இந்த ஊரிலிருந்து மறுபடியும் நடத்தினார்கள். அவர்கள் வேறு வழியில் நடந்தவர்கள்தான், ஆனால் இருட்டில் படிப்பை விதைத்தவர்கள். அண்டை வீட்டுக்காரன் வைத்த விளக்கையும் கண்டு நன்றி சொல்லத் தெரிந்தவனே கிறிஸ்தவன். சிறையிருப்புக்குப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்திலும் இதுதான் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் ஊர் முழுவதின் சமாதானத்தைத் தேடுங்கள், அந்த ஊருக்காக ஜெபியுங்கள். சபைக்காக மட்டும் அல்ல, ஊருக்காக!

நம் குறையையும் சொல்லிவிட வேண்டும். கேஜில் தோளோடு தோள் நின்ற நாம், ஆராதனையில் அப்படி நிற்கிறோமா? எந்தச் சாதி, எந்த லைன், எந்த சபை என்று பிரித்துத்தானே பார்க்கிறோம்? கல்யாணப் பேச்சு வந்தால் தேவசகாயத்தை மறந்துவிடுகிறோமே? தனித்தனியாய்ப் பிடித்தால் கை சோர்ந்துபோகும். அதனால்தான் எபிரெயர் நிருபம், நம்பிக்கையை உறுதியாய்ப் பிடியுங்கள் என்று சொன்ன கையோடு, கூடிவருவதை விட்டுவிடாதீர்கள், ஒருவரையொருவர் அன்புக்கும் நற்செயலுக்கும் ஏவிவிடுங்கள் என்கிறது. பிடிப்பது ஒரு கை வேலையல்ல.

இப்போது ஈஸ்டரைச் சொல்லலாம். நாற்பது நாளை நடந்துவிட்டோம், இனிச் சொல்லலாம். இயேசுவைக் கல்லறைக்குள் வைத்துக் கல்லைப் புரட்டி, முத்திரை போட்டு, காவலும் வைத்தார்கள். 'முடிந்தது' என்று ஃபைல் மூடினார்கள். மூன்றாம் நாள் அவர் எழுந்தார். இது நடந்தது என்று நாம் விசுவாசிக்கிறோம். இதன் மேல்தான் நிற்கிறோம். சுரங்கம் திறந்தாலும் இது உண்மை, திறக்காவிட்டாலும் இது உண்மை. திறந்தால் நன்றி சொல்லி இறங்குவோம், ஆமென்! திறக்காவிட்டால் வேறு கதவைத் தட்டுவோம். நம்மை எழுப்பியவர் எந்தக் கம்பெனியின் உத்தரவுக்கும் காத்திருப்பவர் அல்ல.

ஆகையால் என் அன்பானவர்களே, மூன்று காரியங்களைக் கேட்டு முடிக்கிறேன். தேதி சொல்கிறவர் யார் வந்தாலும் எரேமியாவைப் போல ஆமென் சொல்லுங்கள், காணிக்கையை மட்டும் கையிலேயே வைத்திருங்கள். உங்கள் லைனில் மூச்சு வாங்க முடியாமல் கட்டிலில் கிடக்கும் பழைய தொழிலாளி ஒருவர் இருப்பார். இந்த வாரமே இரண்டு பேராய்ப் போய்ப் பாருங்கள். ஜெபம் செய்யுங்கள், மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வர வேண்டிய பாக்கி, வீட்டு உரிமை, சயனைடு மேட்டுத் தூசி, இவற்றுக்காக மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதத் தெரியாத பெரியவர்களுக்காக உட்கார்ந்து எழுதுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போட்டால் போதும். எல்லா சபையாரும் வரட்டும், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்களும் வரட்டும்.

அந்த மேசையில் முதலில் யார் உட்காரப் போகிறீர்கள்? இந்தக் கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுங்கள். வாக்குக் கொடுத்தவர் உண்மையுள்ளவர். நாமும் கொடுத்த வாக்கில் நிற்போம்.